விட்டவனுக்குக் கால்பங்கு

புரட்டாசி பிறந்ததும் வட தமிழ்நாட்டுச் சாலைகளில் மஞ்சள் துணி நடமாடத் தொடங்கும். வேலூரிலிருந்து சித்தூர் வழியாக ஒரு கூட்டம், திருவள்ளூரிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாக ஒரு கூட்டம், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து குப்பம், பலமநேர் வழியாக இன்னொன்று. எல்லாம் போய்ச் சேருமிடம் திருப்பதி. நடப்பவர்களுக்குப் பின்னால் ஒரு வேன் மெல்ல ஊர்ந்து வரும். முன்கண்ணாடி ஓரம் சாமி படம் இருக்கும். மீதி இடம் முழுக்க அரிசி மூட்டை, அண்டா, கரண்டி, கேஸ் சிலிண்டர், வாழையிலைக் கட்டு, புளிக்காய்ச்சல் நிரம்பிய எவர்சில்வர் தூக்குகள். பாட்டியும் கைக்குழந்தையும் அந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார்கள்.

திருப்பதியைப் பற்றி எழுதுபவர்கள் இந்த வேனைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. வரிசை, தரிசனம், உண்டியல், லட்டு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சந்நிதியில் நின்ற சில நொடிகளைக் கண் கலங்கச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே வடமாலைப்பேட்டைப் பக்கம் மரத்தடியில் சாப்பிட்ட புளிசாதத்துக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பேச்சை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். சமைத்ததைப் படைப்பது, படைத்ததைப் பங்கிடுவது, பங்கில் பெரும்பகுதியை அடுத்தவருக்கு விடுவது என்ற ஒழுங்கின்மேல்தான் ஒருகாலத்தில் திருமலைக் கோயிலின் பொருளாதாரமே நின்றது. புரட்டாசிச் சனிக்கிழமையன்று சித்தூர் வீடுகளில் நடப்பதும் அதே ஒழுங்குதான். கல்வெட்டையும் அடுப்படியையும் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

வேங்கடம் விழாவுக்குப் பேர்போன மலை என்பது சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. அகநானூற்றின் 61ஆம் பாட்டைப் பாடியவர் மாமூலனார். பொருள் தேடிப் போன தலைவன் இன்னும் திரும்பவில்லை; தோழி தலைவியைத் தேற்றுகிறாள். கள்வர் கோமான் புல்லிக்கு உரிய, விழாக்களால் சிறந்த வேங்கடமே கைக்கு வந்தாலும் அவர் அங்கே தங்கிப் பழகிவிட மாட்டார் என்கிறாள். அந்த விழா எந்தத் தெய்வத்துக்கு என்று பாட்டில் இல்லை. அதை வைத்து இன்றைய பிரம்மோற்சவத்துக்குச் சங்ககால வயது கற்பிப்பது முறையாகாது. ஆனாலும் வேங்கடம் என்றதும் தூரப் பயணம், விழா, வீடு திரும்பும் ஆள் மூன்றும் சேர்ந்து ஒரு தமிழ்ப் பெண்ணின் பேச்சில் வந்திருப்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி வாசிக்க வைக்கிறது.

மாதமும் நாளும் சொல்கிற உறுதியான சான்று பல நூற்றாண்டு கழித்து, கோயில் சுவரில் தமிழில் கிடைக்கிறது. பல்லவ குலத்துப் பெண் சாமவை, காடவன் பெருந்தேவி என்ற மறுபெயர் கொண்டவள், மணவாளப்பெருமாள் என்ற வெள்ளித் திருமேனியைச் செய்து வைத்தாள். பொதுவாக கி.பி. 966 என்று கொள்ளப்படும் அந்தக் கொடையில், அன்றாடம் நான்கு நாழி அரிசித் திருவமுதுக்கும் நந்தாவிளக்குக்கும் நிலம் விட்டாள். கூடவே புரட்டாசித் திருநாளுக்கும் ஏற்பாடு செய்தாள்: சித்திரை நட்சத்திரத்தில் தொடங்கி ஒன்பது நாள். விரல்விட்டு எண்ணினால் ஒன்பதாவது நாள் திருவோணம். இன்றும் பிரம்மோற்சவத்தின் நிறைவு நாளான சக்கரஸ்நானம் புரட்டாசித் திருவோணத்தை ஒட்டித்தான் வைக்கப்படுகிறது. சாமவை கொடுத்த வெள்ளித் திருமேனியும் போக ஸ்ரீனிவாசர் என்ற பெயரில் கோயிலிலேயே இருக்கிறது. இரவு ஏகாந்த சேவையில் கட்டிலில் கண்வளர்பவர் அவர்தான்.

சாமவையின் கொடையில் சோறும் திருநாளும் ஒன்றாகவே வருகின்றன. ஐந்து நூற்றாண்டு கழித்து இந்த இணைப்பு பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. திருமலை திருப்பதிக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேல். மிகப் பெரும்பான்மை தமிழ். கொஞ்சம் தெலுங்கும் கன்னடமும் உண்டு. 1930களில் தேவஸ்தானத்துக்காகச் சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் வி. விஜயராகவாச்சாரியாரும் பதிப்பித்த தொகுதிகளைப் புரட்டினால், மன்னர் புகழைவிடச் சமையல் கணக்கு அதிகம். இத்தனை மரக்கால் அரிசி, இத்தனை நாழி நெய், இத்தனை பலம் சர்க்கரை, இவ்வளவு மிளகு. அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, மனோகரப்படி. மிளகாய் வந்து சேராத காலம், உறைப்புக்கு மிளகுதான். திருமலை வடையில் இன்றும் மிளகு நசுங்கிக் கிடப்பதைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விஜயநகர காலத்தில் ஒருவர் கோயில் பண்டாரத்தில் பணம் கட்டுவார். அந்தப் பணம் கோயில் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் எடுக்கவும் செலவாகும். திருப்பதிக்கு அருகே அவிலாலி போன்ற ஊர்களில் இப்படித்தான் நீர் சேர்ந்தது. நீர் வந்ததால் கூடிய விளைச்சலிலிருந்து, பணம் கட்டியவர் பெயரில் குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தளிகை பெருமாளுக்கு நடக்கும். அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1950களின் இறுதியில் இந்தக் கல்வெட்டுகளை வைத்துத்தான் திருப்பதிக் கோயிலின் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். வறண்ட நாட்டில் பாசனத்தை வளர்த்த முதலீட்டாளராகக் கோயிலைக் காட்டியது அவர் ஆய்வின் பெரும் பங்களிப்பு.

எனக்கு ஏரியைவிடப் பங்கீடு முக்கியம். படைத்தபின் பிரசாதத்தில் கட்டளை விட்டவருக்கு உரியது பெரும்பாலும் நாலில் ஒரு பங்கு. கல்வெட்டு இதை விட்டவன் விழுக்காடு என்று குறிக்கும். மீதி முக்கால் கோயிலை நிர்வகித்த தானத்தாருக்கும் பூசை செய்யும் நம்பிமாருக்கும் ஓதுகிறவர்களுக்கும் பிற பணியாளர்களுக்கும் பிரிந்துபோகும். பணம் முழுதும் கொடுத்தவருக்குக் கைக்கு வருவது கால். அந்தக் கால்பங்கையும் பலர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பாசுரம் ஓதுபவருக்கு, மடத்துக்கு, வழிப்போக்கருக்குச் சோறிடும் இராமானுஜ கூடத்துக்கு என்று எழுதி வைத்தார்கள். சிலர் பங்கைப் பிரசாதக்காரர் விலைக்கு வாங்கி யாத்திரிகர்களுக்கு விற்றார்கள். பிரசாதக் கடை இன்று நேற்று முளைத்ததல்ல.

சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன் 15ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் திருமலையிலும் திருப்பதியிலும் இராமானுஜ கூடங்களை ஏற்படுத்தி, கந்தாடை இராமானுஜ ஐயங்காரிடம் பொறுப்பைக் கொடுத்தான். பூணூல் அணியாத சாத்தாத வைணவர்களுக்கும் அந்தக் கூடங்கள் வழியாகப் பங்கு போயிற்று. கட்டளை விட்டவர்களில் அரச குடும்பத்தார், வணிகர், ஆசாரியர்கள் மட்டுமின்றி எம்பெருமானடியாரான பெண்களும் உண்டு. எல்லோரும் சமமாக உட்கார்ந்த பந்தி இது என்று சொல்ல மாட்டேன். யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்ற வரிசை அதில் கறாராகவே இருந்தது. வழக்கும் வந்தது. வழிவழியாக வந்த மிராசு உரிமைகள் 1987ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டத்தால் ஒழிந்தன; 1996இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனாலும் படைத்தவன் தானே தின்று தீர்க்க முடியாதபடி அமைத்த ஏற்பாடு அது என்பதில் சந்தேகமில்லை.

மடைப்பள்ளிக்குள்ளும் குடும்பம்தான் இருக்கிறது. போட்டு என்று அங்கே அழைக்கப்படும் சமையற்கூடத்தில் வகுளமாலிகைக்குத் திருவுருவம் உண்டு. பெருமாளை மகனாக வளர்த்த தாய். மகனுக்குப் போகும் தளிகையைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது ஐதிகம். அத்தனை வகை அன்னங்களும் குலசேகரப்படிக்கு இப்பால்தான் வைக்கப்படுகின்றன. படியைத் தாண்டி உள்ளே போவது மண் ஓட்டில் வைத்த தயிர்சாதம். மண்ணால் பூச்செய்து அர்ச்சித்த குயவர் குறும்பறுத்த நம்பியின் கதையோடு அந்த ஓட்டைச் சேர்த்துச் சொல்வார்கள். தங்கத் தட்டுக்குப் பஞ்சமில்லாத கோயிலில் சந்நிதிவரை போவது அன்றாட வீட்டுச் சாப்பாட்டின் கடைசி உருண்டைதான்.

தலபுராணமும் ஒரு கல்யாணச் சாப்பாட்டைச் சுற்றியே ஓடுகிறது. சீனிவாசன் பத்மாவதியை மணந்த இடமாக நாராயணவனத்தைக் காட்டுவார்கள். புத்தூர் வழியாக நடப்பவர்கள் அங்கே ஒதுங்கிக் கும்பிட்டுவிட்டுப் போவதுண்டு. கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன். சமைக்கப் பாத்திரம் போதவில்லை. சுவாமி புஷ்கரிணியிலேயே சோறு வடித்தார்கள், மற்றத் தீர்த்தங்களில் பருப்பும் பாயசமும் கொதித்தன. சாப்பிடுமுன் எல்லாவற்றையும் அகோபிலம் நரசிம்மருக்குப் படைத்தார்கள். உண்டியலில் மஞ்சள் துணி முடிச்சைப் போடும் குடும்பம் அந்தக் கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டுவதாகவே நினைக்கிறது. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் வைப்பதைப் போன்ற உரிமை அதில் தொனிக்கும்.

இனி அடுப்படிக்கு வருகிறேன். புரட்டாசி பிறந்தால் தமிழ்நாட்டில் பல வீடுகளில் கவிச்சி நின்றுவிடும். நாமக்கல்லில் முட்டை விலை இறங்கும், பல்லடத்தில் கறிக்கோழி விலை இறங்கும், காசிமேட்டில் கூட்டம் குறையும். வெயிலும் மழையும் கலக்கும் மாதம், செரிமானம் மந்தம் என்று காரணம் சொல்வார்கள். அதைவிட எளிய காரணம் போதும்: வீட்டில் தளிகை இருக்கிறது. சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களுக்கும் இதே மாதம்தான். தெலுங்கு நாட்டின் பிற பகுதிகள் சாந்திரமான மாதக் கணக்கில் போக, இங்கே பெரட்டாசி என்ற தமிழ்ச் சூரிய மாதமே புழங்குகிறது. தெலுங்கு வீடுகளில் இவை திருமல சனிவாரங்கள்.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் என் பெரியம்மா வீட்டுத் தளிகைக்குப் போவது வழக்கம். காலையில் முதல் வேலை அரிசி எடுப்பது. செம்புக்கு நாமம் இட்டு, துளசி சுற்றி, சின்னப்பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கும். இருந்தாலும் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று "வெங்கட்ரமணா கோவிந்தா" என்று குரல் கொடுப்பார்கள். பச்சரிசி, புழுங்கல், சோனா மசூரி எல்லாம் கலந்து செம்பு நிறையும். அந்த அரிசியும் சேர்ந்தால்தான் பொங்கல் தளிகைப் பொங்கல். பெங்களூரிலிருந்து காரில் வந்த பேரனும் செம்பு தூக்க வேண்டும். வெட்கப்பட்டு நிற்பவனைப் பெரியம்மா விடமாட்டார்: "கேக்கறதுல என்னடா கூச்சம்? சாமியே கடன்காரன்தான், போ."

பத்து மணிக்குள் நடு வீட்டில் நுனியிலைகள் சேர்த்து விரிக்கப்படும். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சை சாதம், எள்சாதம், தயிர்சாதம், கொண்டைக்கடலைச் சுண்டல், மிளகுவடை. இவற்றைச் சும்மா குவித்து வைப்பதில்லை. பெருமாளின் திருமுகமாக அமைப்பார்கள். தயிர்சாதத்தில் வெள்ளை நாமம் எழும்பும். இரண்டு வடைகள் காதுகளாகும். புளியோதரையின் மஞ்சள் முகமாகும். மூத்த அத்தை முழங்காலிட்டுக் கரண்டியின் பின்புறத்தால் பொங்கலை அணைத்து அணைத்துக் கிரீடத்துக்கு ஓரம் கட்டுவதைப் பார்க்க வேண்டும். நெய் மினுமினுக்கும், ஓரம் சரிந்தால் மறுபடி அணைப்பார். இரண்டு பக்கமும் மாவிளக்கு. சித்தூர் மண்டியில் வாங்கிய வெல்லத்தோடு இடித்த மாவு, நடுவில் குழி, குழியில் நெய்த்திரி. கற்பூரம் காட்டி "கோவிந்தா" முழங்கிய பிறகு அந்த முகம் கலையும், எல்லார் இலைக்கும் போகும்.

அங்கேதான் கால்பங்கைப் பார்த்தேன். பெரியம்மா வாசலைக் காட்டித் தன் மருமகளிடம் சொன்னார்: "மொதல்ல வெளியில நிக்கிறவங்களுக்குப் போடும்மா. நடக்கிறவங்க வந்திருக்காங்க. நம்ம வீட்டு ஆளுங்க அப்புறம் உக்காரட்டும்." வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த பாதயாத்திரைக்காரர்கள் திண்ணையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அரிசி கொடுத்த வீடுகளுக்கும் பங்கு போன பிறகு, கடைசிப் பந்தியில் வீட்டார் சாப்பிட்டார்கள். பெரியம்மாவுக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரியாது. சாளுவ நரசிம்மன் பேரைக் கேட்டிருக்கவும் வாய்ப்பில்லை.

பிற நாடுகளிலும் இலையுதிர் காலம் குடும்பம் கூடும் காலம். கொரியாவில் சூசொக் என்றால் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். புது அரிசியில் பலகாரம் செய்து முன்னோருக்குப் படைப்பார்கள். சீனர்களுக்கு நிலாப் பண்டிகை. அவை அறுவடையை ஒட்டியவை, களஞ்சியம் நிரம்பிய மகிழ்ச்சி. ஏரியை நம்பிய தொண்டை மண்டலத்தில் புரட்டாசி அப்படியல்ல. வடகிழக்குப் பருவமழை இன்னும் வரவில்லை. ஏரி நிரம்புமா என்று வானத்தைப் பார்க்கும் நேரம். கையிருப்பு குறைந்திருக்கும்போது வைக்கும் விருந்துக்குப் பத்து வீட்டு அரிசி வேண்டியிருப்பதில் ஓர் அர்த்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

பயணத்தை ஒட்டுமொத்த நகரமும் சேர்ந்து செய்யும் காட்சி சென்னையில் உண்டு. பூக்கடை சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதித் திருக்குடைகள் புறப்படும். யானைக்கவுனியைத் தாண்டி, அயனாவரம், வில்லிவாக்கம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று போய், திருச்சானூரில் தாயாருக்குக் குடை கொடுத்துவிட்டு, கருட சேவைக்குமுன் திருமலை சேரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலையும் அதே கருட சேவைக்கு வந்துவிடும். குடை போகும் வழியெல்லாம் மோர், பானகம், பொட்டலச் சாதம். வடசென்னையில் அன்று அடுப்பு எரியாத தெரு அபூர்வம்.

இந்த வழியின் குறுக்கே ஒரு மாநில எல்லை போடப்பட்டிருக்கிறது. 1911இல் வட ஆர்க்காட்டின் தாலுகாக்களையும் கடப்பையின் தாலுகாக்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபர் 1, புரட்டாசியின் நடுவில், ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுதும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சிவஞானம் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும் எல்லை பற்றிய படாஸ்கர் பரிந்துரையும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1இல் திருத்தணியை மீட்டுத் தந்தன; சித்தூரும் வேங்கடமும் வரவில்லை. 2022இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மதிக்கிறேன். அதே சமயம், சித்தூரிலும் நகரியிலும் புத்தூரிலும் பெண் எடுத்துப் பெண் கொடுத்த குடும்பங்கள் சோதனைச்சாவடியைத் தாண்டி வருஷாவருஷம் பந்தியில் உட்கார்வதையும் பார்க்கிறேன். ஒரே இலை வரிசையில் "இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை" என்பதும் "இங்க கொஞ்சம் வெய்யண்டி" என்பதும் கலந்து கேட்கும். பரிமாறுபவர் இரண்டுக்கும் திரும்புவார்.

வழி மாறியபோதெல்லாம் சாப்பாடும் மாறியது. மாட்டுவண்டிக் காலத்தில் கட்டுச்சோறு பல நாள் தாங்க வேண்டும். புளியோதரை அதற்கென்றே பிறந்தது: புளியின் புளிப்பும் நல்லெண்ணெயும் சோற்றைக் கெடவிடாது, வெந்த சோற்றை விரித்து ஆறவிட்டுக் கிளறினால் மறுநாளும் மணக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்பாடி, பாகாலா வழியாக ரயில் திருப்பதி வரை வந்தது. 1944இல் மலைச்சாலை திறந்தது. 1974இல் இரண்டாவது சாலை. அலிபிரியில் 3,550 படி ஏறுவது வேண்டுதலுக்காக ஆயிற்று. இப்போது சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பும் ஒருநாள் பயணங்கள் வந்துவிட்டன. 300 ரூபாய்த் தரிசனச் சீட்டு, வழியில் ஓட்டல் டிபன், கையில் லட்டு. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டு மட்டும் இன்னமும் வீட்டுக்கு வந்து, விண்டு விண்டு அக்கம்பக்கத்துக்குப் போகிறது. நேரமில்லாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வேனும் அண்டாவும் மரத்தடியும் இல்லாமல் போய்வரும் குழந்தைக்குத் திருப்பதி என்றால் வரிசை மட்டுமே நினைவிருக்கும் என்பது எனக்கு வருத்தம்தான்.

மலைமேல் பந்தி நிற்கவில்லை. 1985இல் என்.டி.ராமராவ் காலத்தில் தொடங்கிய நித்திய அன்னதானம், 2011 முதல் தரிகொண்ட வெங்கமாம்பா பெயரிலான கட்டடத்தில் நடக்கிறது. வெங்கமாம்பா 18ஆம் நூற்றாண்டில் தரிகொண்டாவில் பிறந்த தெலுங்குக் கவி. இளமையில் கணவனை இழந்து, ஊராரின் ஏச்சைத் தாங்காமல் மலையேறி, அங்கே வந்தவர்களுக்குச் சோறிட்டவர் என்று அறியப்படுபவர். நான்கு கூடங்கள், கூடத்துக்கு ஆயிரம் பேர். சோறு, சாம்பார், ரசம், மோர், ஒரு பொங்கல். பக்கத்து இலைக்காரர் யார் என்று யாரும் கேட்பதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமையில் அங்கே தமிழ்தான் அதிகம் கேட்கும்.

வரலாற்றுத் துறைக்கு வெளியே ஒரு வேலை காத்திருக்கிறது. அந்தக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பெரிய பந்திக்குச் சமைத்துப் பழகிய ஒருவர், என் பெரியம்மாவைப் போன்ற ஒருவர், கல்வெட்டு அறிஞரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். ஓர் அதிரசப்படிக்கு எழுதியிருக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் நெய்க்கும் எத்தனை அதிரசம் தேறும், அதில் கால்பங்கு என்றால் எத்தனை பேர் கையில் வந்திருக்கும் என்பதை அறிஞரைவிட அவர்தான் சரியாகச் சொல்வார்.